இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்களைத் தேடி: பெர்லின் நாட்குறிப்பு

செவ்வாய்

காலையில் வந்து இறங்கி, பையை அறையில் போட்டுவிட்டு, நேராக யூ3 ரயிலைப் பிடித்து ஓஸ்கார்-ஹெலேன-ஹைம் நிலையத்தில் இறங்கினேன். பெர்லின் வருகிறவர்கள் முதலில் பிராண்டன்பர்க் வாசலுக்குப் போவார்கள், எனக்கு அந்த அவசரம் இல்லை. உளவாளிக் கதைகள் படித்தே வளர்ந்தவன் நான். அதிலும் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிற ஆள் வரும் கதை என்றால் தூக்கம், சாப்பாடு எல்லாம் அப்புறம்தான். கதையில் அந்த ஆளுக்குக் கடைசியில் ஒரு நெருக்கடி வரும், எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பான், அத்தோடு சரி. நிஜத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் தினமும் காலையில் எழுந்து, குளித்து, மனைவியிடம் சொல்லிக்கொண்டு எப்படி அலுவலகம் போனார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வாரம் முழுக்க.

முதல் இடம் கிளே அலே சாலையில் இருக்கும் நேச நாடுகள் அருங்காட்சியகம். கட்டணம் இல்லை. பழைய அமெரிக்க ராணுவ சினிமா தியேட்டர்தான் இப்போது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. வெளியே ஒரு பிரிட்டிஷ் ஹேஸ்டிங்ஸ் விமானமும் கிழக்கு-மேற்கு எல்லைச் சாவடியான செக்பாயின்ட் சார்லியில் நின்ற காவல் கூண்டும் இருக்கின்றன. அவற்றைக் கடந்து உள்ளே போனால் நான் பார்க்க வந்தது இருந்தது: பெர்லின் சுரங்கத்தின் ஒரு துண்டு. வளைந்த எஃகுத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கி வட்டமாகச் செய்திருக்கிறார்கள், விட்டம் ஆறரை அடி, சராசரி ஆள் நடுவில் தலை இடிக்காமல் நிற்கலாம். துருவின் மேல் இன்னும் மண் நிறம் ஒட்டியிருக்கிறது. 1997-ல் தோண்டி எடுத்தது.

1954-ல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவும் பிரிட்டிஷ் உளவு நிறுவனமான எம்ஐ6-ம் சேர்ந்து ஆரம்பித்த வேலை. அமெரிக்கப் பகுதியான ருடோவில் ரேடார் நிலையம் மாதிரி ஒரு கட்டடத்தை எழுப்பி, அதன் அடித்தளத்திலிருந்து சோவியத் பகுதியில் இருந்த ஆல்ட்கிளீனிக்க வரைக்கும் சுமார் 450 மீட்டர் தோண்டினார்கள். தோண்டிய மண் 3,100 டன். அதை லாரியில் வெளியே கொண்டுபோனால் எதிர்ப்பக்கத்துக் காவலர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அந்தக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே கொட்டி நிரப்பினார்கள், அதற்கென்றே அடித்தளத்தை அவ்வளவு பெரிதாகக் கட்டியிருந்தார்கள். சுரங்கத்தின் முனையில் சோவியத் ராணுவத் தொலைபேசி கேபிள்களில் கொக்கி போட்டு 1955 மே மாதம் ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். பதினோரு மாதம் ஓடியது. 50,000 டேப் சுருள்கள் நிறைந்தன. சுரங்கம் பிடிபட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அவற்றை எழுத்தில் எடுக்கும் வேலை முடியவில்லை.

இதெல்லாம் சாமர்த்தியம். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. சுரங்கம் தோண்டலாமா என்று 1953 டிசம்பரில் லண்டனில் சிஐஏவும் எம்ஐ6-ம் கூடிப் பேசியபோது அறையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் ஜார்ஜ் பிளேக். எம்ஐ6 ஆள், சோவியத் உளவு நிறுவனமான கேஜிபியின் ஆளும் அவரே. அடுத்த மாதம் லண்டனில் ஒரு மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் அந்தக் குறிப்பின் கார்பன் நகல் சோவியத் அதிகாரி கையில் இருந்தது. ஒரு மண்வெட்டி மண்கூட எடுப்பதற்கு முன்பே மாஸ்கோவுக்குச் சுரங்கம் தெரியும்!

தெரிந்தும் விட்டுவிட்டார்கள். உடனே அடைத்தால் யார் சொன்னது என்று தேடுவார்கள், அந்த அறையில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பிளேக் மாட்டுவார். ஒரு ஆளைக் காப்பாற்ற கேஜிபி தன் சொந்த நாட்டு ராணுவத்தின் தொலைபேசிப் பேச்சையே எதிரி கேட்கட்டும் என்று விட்டுக்கொடுத்தது. ராணுவத்துக்குச் சொல்லவும் இல்லை. 1956 ஏப்ரலில் கனமழை பெய்து கேபிள்கள் பழுதானபோது, பழுதுபார்க்கத் தோண்டுவது போலத் தோண்டித் தற்செயலாகக் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொண்டார்கள். இரட்டை விசுவாசம் என்றால் அது ஒரு மனிதனுக்குள் நடக்கிற போராட்டம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், ஒரு அரசாங்கமே தன் ஒரு கையிடம் மறைத்து இன்னொரு கையைக் காப்பாற்றியதை இந்தத் துருப்பிடித்த வளையத்துக்கு முன்னால் நின்று யோசித்தபோது தலை கிறுகிறுத்தது.

புதன்

ஒலிம்பிக் ஸ்டேடியம். 1936 போட்டிகளுக்காகக் கட்டியது எல்லோருக்கும் தெரியும். போருக்குப் பிறகு இந்த வளாகம் பெர்லினில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமையகமாக இருந்ததும், எம்ஐ6-ன் பெர்லின் நிலையம் இங்கேதான் இயங்கியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1955-ல் பிளேக் இங்கே மாற்றலாகி வந்தார். அவருக்குத் தெரிந்த சுரங்கம் நகரத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருக்க, இவர் இந்தக் கற்தூண்களுக்கு நடுவே தினமும் கோப்புகளோடு நடந்திருக்கிறார்.

யார் இந்த ஆள்? 1922-ல் ராட்டர்டாமில் பிறந்தவர். அம்மா டச்சுக்காரர். அப்பா கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்த யூதர், முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்டு அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அப்பா இறந்ததும் கெய்ரோவில் அத்தை வீட்டில் வளர்ந்தார். போர் வந்தபோது நெதர்லாந்தில் நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பினார். 1950-ல் சியோலில் எம்ஐ6 வேலையில் இருக்கும்போது வட கொரியப் படை பிடித்துக்கொண்டு போனது. மூன்று வருடம் சிறை. அங்கே மார்க்ஸைப் படித்தார், அமெரிக்க விமானங்கள் கொரியக் கிராமங்களைக் குண்டுபோட்டு அழித்ததைப் பார்த்தார், சோவியத் தரப்புக்குத் தானே ஆள் அனுப்பி வேலை கேட்டார். காசு வாங்கவில்லை. தான் எங்கேயும் சேர்ந்தவன் இல்லை, சேராதவன் எப்படித் துரோகியாவான் என்கிற ரீதியில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. எம்ஐ6-ல் செயலாளராக இருந்த பெண்ணைக் கல்யாணம் செய்து, குழந்தைகள் பெற்று, சக அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு எங்கும் சேராதவன் என்று சொல்ல உரிமை இல்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று இதற்குத்தான் சொல்வது.

அவர் பிடிபட்ட விதம் மட்டும் என்னை விடுவதாக இல்லை. போலந்திலிருந்து கட்சிமாறிய ஒருவர் கொடுத்த தகவலால் சந்தேகம் வந்து, 1961-ல் லெபனானில் அரபி படித்துக்கொண்டிருந்தவரை லண்டனுக்கு வரவழைத்தார்கள். விசாரணை நாள்கணக்கில் நடந்தது, மனிதர் அசையவில்லை, நீதிமன்றத்தில் நிற்கிற ஆதாரமும் கையில் இல்லை. அப்போது விசாரித்தவர்கள் ஆறுதலாகப் பேசினார்கள்: உங்களைக் கொரியாவில் சித்திரவதை செய்திருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பீர்கள், எங்களுக்குப் புரிகிறது. அதைக் கேட்டதும் பிளேக்குக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் மிரட்டவில்லை, நானாகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அநேகமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஏழெட்டு வருடம் முகத்தில் ஒரு வரி மாறாமல் வாழ்ந்தவரால், தன் நம்பிக்கையை பயம் என்று இன்னொருவர் சொல்வதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை!

வாக்குமூலம் கொடுத்தபிறகு அவரை உடனே சிறையில் தள்ளவில்லை. விசாரித்த அதிகாரி ஒருவரின் கிராமத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே வீட்டு மூதாட்டியோடு சேர்ந்து அடுப்பங்கரையில் பான்கேக் சுட்டார். 42 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது அதற்கப்புறம், மே 1961-ல். மனைவி அப்போது மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார்.

ஸ்டேடியத்திலிருந்து டொய்ஃபல்ஸ்பெர்க் குன்று தூரமில்லை. போரில் இடிந்த பெர்லினின் செங்கல்லும் காரையும் கொட்டி எழுப்பிய குன்று, மேலே கிழிந்த வெள்ளைக் கோளங்களோடு பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையம். இங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் ஹால் என்ற அமெரிக்க ராணுவ வீரர் ரகசியங்களைக் கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசிக்கு விற்றார், காசுக்காக. 1988-ல் பிடிபட்டார். அவ்வளவுதான். காசுக்கு விற்றவர்களின் கதையில் யோசிக்க எனக்கு அதிகம் எதுவும் கிடைப்பதில்லை.

வியாழன்

யூ5-ல் மக்டலேனன் தெரு நிலையம், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்டாசி தலைமையகம். இப்போது அருங்காட்சியகம். 1989-ல் இந்த அமைப்புக்கு முழுநேர ஊழியர்கள் மட்டும் 91,000 பேர். விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் வரும்.

அமைச்சர் எரிக் மீல்கேயின் அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். மரப்பலகைச் சுவர், நீல நாற்காலிகள், ஏகப்பட்ட தொலைபேசிகள். கீழ்த்தளங்களில் பூவாளிக்குள் கேமரா, சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் கேமரா, சந்தேகப்பட்டவர்களின் வாசனையைத் துணியில் ஏற்றி அடைத்து வைத்த கண்ணாடி ஜாடி. எல்லோரும் அவற்றைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நான் நின்றது ஒரு சின்ன அட்டைக்கு முன்னால். மீல்கேயின் காலை உணவை மேசையில் எப்படி வைக்க வேண்டும் என்று செயலாளர் போட்டு வைத்த படம்: தட்டு இங்கே, கத்தி இங்கே, முட்டை இங்கே, முட்டை நாலரை நிமிடம் வேக வேண்டும். தன் முட்டை இருக்கும் இடம்கூட இம்மி பிசகக் கூடாத ஒருவரின் கீழே, மனதுக்குள் வேறு பக்கம் போய்விட்ட ஒரு அதிகாரி வேலை பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்படி ஒருவர் இருந்தார். வெர்னர் ஸ்டில்லர், வெளிநாட்டு உளவுப் பிரிவில் அறிவியல், தொழில்நுட்பத்தைக் கவனித்தவர். மேற்கு ஜெர்மனியோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார். 1979 ஜனவரியில் ஒரு இரவு, அலுவலகத்திலிருந்து எடுத்த ஆவணங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஃப்ரீட்ரிச் தெரு ரயில் நிலையத்துக்குப் போனார். அந்த நிலையத்தில் ஸ்டாசி தன் ஆட்களை மேற்கே அனுப்பவும் கூட்டிவரவும் தனி வழி ஒன்றை வைத்திருந்தது. அந்த வழியாகவே போய்விட்டார். மதியம் நானும் அந்த நிலையத்துக்குப் போய் நின்றேன். நாலா பக்கமும் கடைகள், ஓடுகிற கூட்டம், அந்தப் பழைய நெருக்கடியின் சுவடே இல்லை. பக்கத்தில் இருக்கும் கண்ணீர் மாளிகை என்ற கண்ணாடிக் கட்டடத்தில் மட்டும், மேற்கே போகிறவர்களை வழியனுப்பி மக்கள் அழுத காலத்துப் பாஸ்போர்ட் கூண்டுகள் இருக்கின்றன. ஒரு ஆள் ஒடுங்கி நிற்கும் அகலம். உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும்.

ஸ்டில்லர் கொண்டுபோனதால் மேற்கில் இருந்த பல கிழக்கு உளவாளிகள் பிடிபட்டார்கள். முகமே தெரியாதவர் என்று பேர் வாங்கிய தன் தலைவர் மார்க்குஸ் வோல்ஃபை, ஸ்டாக்ஹோமில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அடையாளம் காட்டியதும் இவர்தான். காதலியையும் அவள் மகனையும் போலந்து வழியாக மேற்குக்கு வரவழைத்துக்கொண்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கிழக்கிலேயே இருந்தார்கள், மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. கதைகளில் எல்லை தாண்டும் காட்சி எப்போதும் தாண்டுகிறவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுதப்படுகிறது. வீட்டுக்குள்ளிருந்து யாராவது எழுத வேண்டும்.

வெள்ளி

ரயிலில் லைப்சிக். ஒன்றேகால் மணி நேரம்தான். இந்த ஊரைத் திட்டத்தில் சேர்த்தபோதே மனம் கொஞ்சம் கனத்தது.

வெர்னர் டெஸ்க. ஸ்டாசி கேப்டன், பொருளாதாரம் படித்தவர், ஸ்டில்லர் இருந்த அதே அறிவியல் தொழில்நுட்பப் பகுதி. வேலையில் நம்பிக்கை போய்விட்டது. மேற்கே போய்விடலாமா என்று நினைத்தார், கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார், அலுவலகப் பணத்திலும் கை வைத்தார். ஒரு தாள்கூட யாருக்கும் கொடுக்கவில்லை, யாரையும் தொடர்பு கொள்ளவில்லை, போகவும் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். 1980 செப்டம்பரில் கைது செய்தார்கள். ஸ்டில்லர் தப்பிய அவமானம் ஆறாத நேரம், ஒருவரைப் பலிகொடுத்து மற்றவர்களுக்குப் பாடம் காட்ட வேண்டியிருந்தது.

மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றியது 1981 ஜூன் 26, இந்த ஊர்ச் சிறைக் கட்டடத்தில், ஆல்ஃப்ரெட் கெஸ்ட்னர் தெருவில். கைதியை ஒரு அறைக்குள் கூட்டிவருவார்கள், கருணை மனு நிராகரிக்கப்பட்டது என்று ஒருவர் வாசிப்பார், பின்பக்கம் நின்றிருக்கும் அதிகாரி அந்த நொடியே தலையின் பின்புறம் சுடுவார். எதிர்பாராத கிட்டச் சூடு என்று அந்த முறைக்கே பெயர் வைத்திருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கடைசி மனிதர் டெஸ்க. உடலை எரித்துப் பெயரில்லாமல் புதைத்தார்கள். மனைவிக்குச் சொல்லவில்லை. 1987-ல் மரண தண்டனையையே எடுத்துவிட்டார்கள், 1993-ல் இந்தத் தீர்ப்பும் செல்லாது என்று ரத்தானது.

அந்த இடம் வருடத்தில் சில நாட்கள்தான் திறக்கும், இன்றைக்குத் திறக்கவில்லை. வெளியே நின்றேன். சாதாரணக் குடியிருப்புத் தெரு, சைக்கிள்கள் சாய்த்து வைத்திருக்கின்றன, எதிர் வீட்டு ஜன்னலில் ஒருவர் போர்வையை உதறிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான ஆட்களைக் காட்டிக்கொடுத்ததாகத் தானே சொன்ன பிளேக், 1966 அக்டோபரில் லண்டன் வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து நூலேணியில் ஏறித் தப்பி, ஒரு வேனில் ரகசியப் பெட்டிக்குள் சுருண்டு படுத்து கிழக்கு ஜெர்மனி வந்து சேர்ந்து, மாஸ்கோவில் பென்ஷனும் விருதுமாக 98 வயது வரை வாழ்ந்து 2020-ல் கண்ணை மூடினார். மனதுக்குள் மட்டும் துரோகம் செய்த டெஸ்க முப்பத்தொன்பது வயதில் போனார். இதில் நியாயம் எங்கே என்று கேட்டுக்கொண்டே திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன், இப்போது எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

சனி

வான்சே வரை எஸ்-பான் நகர ரயில், அப்புறம் 316-ம் எண் பஸ், கடைசியில் க்ளீனிக்க பாலம். பெர்லினுக்கும் பாட்ஸ்டாமுக்கும் நடுவே ஹாஃபல் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலம், 1907-ல் கட்டியது. நடுவில் எல்லைக்கோடு இருந்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் பச்சை நிறம் வேறுவேறாக இருக்கும், இரண்டு அரசாங்கங்களும் தனித்தனியாக வண்ணம் பூசியதன் மிச்சம். மக்கள் யாரும் கடக்க முடியாத இந்தப் பாலத்துக்குக் கிழக்கு ஜெர்மனி வைத்திருந்த பெயர் ஒற்றுமைப் பாலம்.

1962 பிப்ரவரி 10 காலையில் இங்கே கைதிகள் பரிமாற்றத்தில் ஒரு பக்கத்திலிருந்து அமெரிக்க யூ-2 உளவு விமானத்தின் விமானி கேரி பவர்ஸும் மறுபக்கத்திலிருந்து சோவியத் உளவாளி ருடால்ஃப் ஏபெலும் நடந்தார்கள். ஏபெலின் உண்மைப் பெயர் வில்லியம் ஃபிஷர், பிறந்தது இங்கிலாந்தின் நியூகாசிலில், ரஷ்யப் புரட்சிக்காரக் குடும்பம். நியூயார்க்கில் ஓவியராக வேடம் போட்டு வாழ்ந்து, உதவியாளர் காட்டிக்கொடுத்ததால் 1957-ல் மாட்டினார். அமெரிக்கர்கள் ஆசை காட்டியும் எதுவும் சொல்லவில்லை. இறந்துபோன ஒரு நண்பரின் பெயரைத் தன் பெயராகச் சொன்னார், அது செய்தியில் வந்தால் ஆள் மாட்டிக்கொண்டதும் வாய் திறக்காததும் மாஸ்கோவுக்குப் புரியும் என்பதற்காக. பிறந்த மண் ஒன்று, பாஸ்போர்ட் இன்னொன்று, வாழ்ந்த ஊர் மூன்றாவது, மனிதர் மட்டும் கடைசிவரை ஒரே பக்கம். வேர் பல இடத்தில் இருந்ததால்தான் பிளேக் அப்படி ஆனார் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் ஃபிஷர்.

பாலத்தில் கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்கச் சில நிமிடம்தான் ஆகிறது. 1985 ஜூனில் ஒரே நாளில் மேற்குக்காக வேலை பார்த்த 23 பேர் இதே வழியாக விடுதலையானார்கள், பதிலுக்குக் கிழக்குக்குப் போனவர்கள் நான்கே பேர்.

ஞாயிறு

கடைசியாக ஃப்ரீட்ரிச்ஸ்ஃபெல்ட மயானம். புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் நினைவிடம் இருப்பதால் எப்போதும் பூக்கள். மார்க்குஸ் வோல்ஃபும் இங்கேதான் இருக்கிறார், தன் தம்பியோடு. 2006 நவம்பர் 9, பெர்லின் சுவர் விழுந்த அதே தேதியில் இறந்தார்.

அவர் அனுப்பிய ஆட்களிலேயே பெரிய பெயர் குந்தர் கியோம். 1956-ல் அகதி வேடத்தில் மனைவியோடு மேற்கே போய், கட்சியில் சேர்ந்து, படிப்படியாக மேலேறி, மேற்கு ஜெர்மனியின் சான்சலர், அதாவது அரசின் தலைவர், வில்லி பிராண்டின் தனி உதவியாளர்களில் ஒருவரானார். சந்தேகம் வந்தது ஒரு பழைய வாழ்த்தால். ஐம்பதுகளில் கிழக்கிலிருந்து வானொலியில் சங்கேதமாக அனுப்பிய செய்திகளை மேற்கு ஜெர்மனி பதிவு செய்து வைத்திருந்தது. அதில் 1957 ஏப்ரலில் ஒன்று: இரண்டாவது ஆணுக்கு வாழ்த்துகள். கியோமுக்கு அந்த மாதம்தான் மகன் பிறந்திருந்தான். ஒரு அப்பாவைச் சந்தோஷப்படுத்த அனுப்பிய ஒற்றை வரி பதினைந்து வருடம் கழித்து அவரைக் காட்டிக்கொடுத்தது.

1974 ஏப்ரல் 24 விடியற்காலை போலீஸ் வந்தபோது வாசலில் நின்று, நான் கிழக்கு ஜெர்மன் ராணுவ அதிகாரி, அதற்குரிய மரியாதை வேண்டும் என்றார். வலுவான சாட்சியம் இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. பிளேக் செய்ததும் இதையேதான், பதின்மூன்று வருடம் முன்பு! மறைந்து வாழ்வதில் எதைத் தாங்கினாலும், தான் யார் என்று ஒருவரிடமாவது சொல்லாமல் இருப்பதைத் தாங்க முடியாது போலிருக்கிறது. இரண்டு வாரத்தில் பிராண்ட் பதவி விலகினார். கிழக்கோடு சமாதானம் பேசிய சான்சலரைக் கவிழ்த்தது தங்களுக்கே பெரிய நஷ்டம் என்று வோல்ஃப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

மகனுக்கு அப்போது பதினேழு வயது. அப்பா அம்மா யார் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. பிறகு அவனைக் கிழக்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள், தியாகி மகன் என்று எல்லா வசதியும் செய்து கொடுத்தார்கள், அவனால் அங்கே ஒட்ட முடியவில்லை. 1981-ல் கைதிகள் பரிமாற்றத்தில் அப்பா விடுதலையாகி வந்து மாலை மரியாதைகளோடு வரவேற்கப்பட்ட பிறகும்தான். 1988-ல் மேற்கே போக அனுமதி கேட்டு விண்ணப்பித்தான். போகலாம், கியோம் என்ற பெயரோடு போகக் கூடாது என்றார்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டு போனான்.